வன்னிநாட்டுப் பள்ளிக்கூடங்களில் அறக்கல்வி

வற்றாப்பளைக் கண்ணகையம்மன் கோவிற் கதையை அறியாத பிள்ளை வன்னிநாட்டில் இல்லை எனலாம். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்து நின்ற சிறுவர்களிடம் முதியவள் ஒருத்தி வந்தாள். வெயிலிற் களைத்திருந்தாள், பசிக்கிறது என்றாள். அவள் எவ்வூரவள், யார் பெற்றவள் என்று சிறுவர்கள் கேட்டாரில்லை. குழை முறித்துப் பந்தலிட்டு நிழலில் இருத்தினார்கள், பொங்கிப் படைத்தார்கள். பொழுதும் பட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கலங்க, கடல்நீரை விட்டு ஏற்றுங்கள் என்றாள் முதியவள். விளக்கு எரிந்தது. பின்பு தன் தலையைப் பார்க்கும்படி கேட்டாள். பார்த்தவர்கள் தலை நிறையக் கண்களைக் கண்டு நடுங்கினார்கள். வந்தவள் யாரென்று அப்பொழுதுதான் தெரிந்தது. வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடலில் உப்புநீர் எடுத்து விளக்கெரிக்கும் வழக்கம் இக்கதையை ஒட்டியதே.

இதனை எமக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. அம்மம்மா சொன்னார். பின்பு கோவலன் கூத்திலே கண்ணகி வழக்குரைப்பதைப் பார்த்து, அரசனாயினும் ஆராயாது தீர்ப்புச் செய்தால் அழிவான் என்று விடியற்காலத்து நித்திரை மயக்கத்தில் அறிந்துகொண்டோம். பள்ளிக்கூடங்களில் அறம் போதித்த வரலாற்றை இம்மலருக்கு எழுதித் தருமாறு சங்கத்துப் பிள்ளைகள் கேட்டபொழுது, முதலில் நினைவில் வந்தவை இவ்விரண்டுமே. பள்ளிக்கூடம் வருமுன்பே வன்னியில் அறக்கல்வி இருந்தது என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றைத் தொடங்கலாகாது.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது ஓர் ஆசிரியர், அவர் வீட்டுத் திண்ணை அல்லது கோவில் மடம், பத்துப் பதினைந்து பிள்ளைகள், இவ்வளவே. ஆசிரியரைச் சட்டம்பியார் என்பர். விசயதசமியன்று ஏடு தொடக்கி, மணலிலே விரலால் எழுதி, பின்பு ஓலைக்கு வருவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வாக்குண்டாம், நல்வழி என்பன வரிசையாக மனனஞ் செய்யப்பட்டன. எழுத்துப் பயிற்சியும் நீதிப் பயிற்சியும் வெவ்வேறாக இருக்கவில்லை. உயிரெழுத்தைப் படிக்கும்போதே ஒவ்வோர் எழுத்திலும் ஒரு நீதியைப் பிள்ளை படித்தது. இது மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடு. பொருள் அப்பொழுது விளங்காது. இருபது வயதில், முப்பது வயதில், ஒரு சங்கடம் வந்து நேரும்போது அந்த வரி தானே எழுந்து வந்து நிற்கும். இக்காலத்தவர் மனனத்தை இகழ்கிறார்கள். அவ்வளவு இகழ வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமாக வருணிக்கவும் நான் துணியேன். கோதண்டம் போடுதல் போன்ற கொடிய தண்டனைகள் அங்கே இருந்தன. அதனிலும் பெரிய குறை, அத்திண்ணையில் ஏறக்கூடிய பிள்ளைகள் சிலரே என்பது. பெண்பிள்ளைகள் ஏறியது அரிது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் ஏறவே இல்லை.

வன்னியின் நிலைமை யாழ்ப்பாணத்தைப் போன்றதன்று. பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வென்று, அவ்வாண்டிலேயே கற்சிலைமடுவில் தோல்வியுற்ற பின்பு, இந்நாடு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. குளங்கள் உடைந்தன, காடு மூடியது, காய்ச்சல் ஊர்களைத் தின்றது. ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் பார்ப்பவர்கள், குளத்துக்கொரு சிற்றூராகச் சிதறிக் கிடந்த ஒரு நாட்டைக் காண்பார்கள். ஒரு குளம், ஒரு கோவில், சில குடிகள். இவ்வளவு சிறிய ஊருக்குப் பள்ளிக்கூடம் எங்ஙனம் வரும்? வந்தாலும், காய்ச்சலுக்கு அஞ்சாமல் எந்த உபாத்தியாயர் வந்து தங்குவார்?

எனினும் குளமே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது என்று கூறுவது மிகையன்று. குளக்கட்டு வேலைக்கு எல்லாரும் வரவேண்டும். வட்டவிதானையார் சொன்ன முறைப்படியே தண்ணீர் பாயவேண்டும். மேல்வயற்காரன் வாய்க்காலை இரவில் மறித்தால் கீழ்வயற்காரன் பிள்ளைகள் பட்டினி. அறத்தை நூலிற் படித்தவனும் படியாதவனும் இங்கே ஒரே பாடத்தைக் கற்றார்கள்.

நூலில் வந்த பாடத்துக்கு மூலவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரிற் பிறந்து, பேர்சிவல் பாதிரியாரின் உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர் அவர். மிஷனரிமாரின் பள்ளிக்கூடம் எவ்வாறு நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். மணியடித்து வகுப்புத் தொடங்குவது, வகுப்புக்கு ஏற்ற அச்சுப் புத்தகம் கொடுப்பது, சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறுவது ஆகிய முறைகள் சமயத்துக்கு மாத்திரம் உரியவையல்ல, எவரும் கைக்கொள்ளத்தக்கவை என்று கண்டுகொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சியந்திரமும் வாங்கினார். 1850ஆம் ஆண்டு தொடக்கம் பாலபாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

இப்பாலபாடங்களைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். அதுவரை நீதிநூல் என்றால் செய்யுள். சந்தி சேர்ந்து, பதம் மயங்கி, உரை கூறுவார் இன்றி விளங்காதது. நாவலர் வசனத்தை எடுத்தார். சொற்களைப் பிரித்து அச்சிட்டார். நிறுத்தக் குறிகளை இட்டார். முதற் புத்தகத்தில் எழுத்தும் சிறு சொற்றொடரும். நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கொலை, களவு, கள்ளுண்ணல், பொய், அழுக்காறு, கோபம், சூது, செய்ந்நன்றியறிதல், கல்வி, தருமம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுரை. பிள்ளையை நோக்கி நேரே பேசும் நடை. இன்ன செயல் செய்தால் உனக்கு என்ன வரும், பிறருக்கு என்ன வரும் என்று காரணம் காட்டிச் செல்கின்றது. பயமுறுத்தலும் உண்டு, நரகமும் உண்டு. ஆனால் பெரும்பகுதி விளக்கமே. ஆசிரியர் இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த ஒரு தகப்பன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பிக்கக்கூடிய புத்தகம் அது. வன்னிக்கு வேண்டியிருந்தது அத்தகைய புத்தகமே. அது இங்கே ஆசிரியரோடு வண்டிலிலும், கலியாணஞ் செய்து வந்த மருமகனின் பெட்டியிலும் வந்தது.

நாவலர் எழுதியதோடு நின்றாரில்லை. 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் பேதியும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றுவித்தார். அரசாங்க அதிபர் துவைனம் துரையின் பராமுகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். தருமம் என்ற பாடத்தைப் படித்த மாணாக்கர், அதை எழுதியவர் கஞ்சித்தொட்டி அருகில் நிற்பதைக் கண்டார்கள். நாவலரின் போதனை நிலைபெற்றதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

பெரியோரைப் போற்றும்போது குறையை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. சாதியாசாரத்தில் நாவலர் பழைய வழியிலேயே நின்றார். அவர் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் சில வாசல்களுக்குப் போகவில்லை. அந்த இருளின் பயனை யாழ்ப்பாணமும் வன்னியும் பின்னர் நெடுங்காலம் அனுபவித்தன.

1869இல் அரசினர் கல்வித் திணைக்களத்தை அமைத்து, உதவிநன்கொடை முறையை விரிவாக்கினர். அதனால் மிகுந்த பயன் பெற்றவை மிஷன் பாடசாலைகளே. சைவப் பிள்ளைகள் வேறு சமயப் போதனையை ஏற்றே படிக்கவேண்டிய நிலை பல ஊர்களில் இருந்தது. இதனை மாற்றுவதற்காக 1923இல் தோன்றியது சைவ வித்தியா விருத்திச் சங்கம். மக்கள் இதனை இந்து போர்ட் என்றே அழைத்தனர். அதற்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவரை இந்து போர்ட் இராசரத்தினம் என்றே அழைத்தனர். நியாயவாதியாகிய அவர் வருமானத்தை நாடாமல் ஊர் ஊராகச் சென்று பள்ளிக்கூடங்களை நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் இச்சங்கத்தின் முகாமையில் நடந்தன. ஆசிரியரைப் பயிற்றுவதற்கு 1928இல் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை தோன்றியது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே நெடுங்காலம் விரிவுரையாளராக இருந்தார். கந்தபுராண கலாசாரம் என்னும் தொடரை நமக்குத் தந்தவர் அவரே. அவரிடம் படித்தவர்கள் கந்தபுராணத்தையும் திருக்குறளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நாலா திசைக்கும் படிப்பிக்கப் போனார்கள்.

இரணைமடுக் குளம் 1920ஆம் ஆண்டளவில் நிறைவேறிய பின்பு கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றங்கள் வளர்ந்தன. 1930களிலும் 1950களிலும் காடு வெட்டிக் காணி பெற்றவர்கள் முதலிற் கட்டியது கொட்டில், அடுத்தது கோவில், அதற்கடுத்தது பள்ளிக்கூடம். கிடுகு வேய்ந்த நீண்ட கொட்டில், அரைச்சுவர், சாணி மெழுகிய நிலம். அப்படியான ஒரு பள்ளிக்கூடத்திலேதான் நானும் படித்தேன்.

எங்கள் உபாத்தியாயர் வலிகாமத்திலிருந்து வந்தவர், தனியாள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையிற் சமைத்து உண்டவர். காலையில் தேவாரம் பாடித்தான் வகுப்புத் தொடங்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோவில் வீதியிற் புல்லுச் செருக்க எல்லாரும் போகவேண்டும். அவரும் மண்வெட்டியோடு வருவார். நாயன்மார் குருபூசைக்கு அவல், கடலை உண்டு. அதன் பொருட்டே நாயன்மாரின் பெயர்களை நாம் பாடமாக்கினோம் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்ளலாம். பூவரசந் தடியும் வைத்திருந்தார். அதன் சுவை தெரியாதவர் எங்கள் வகுப்பில் இல்லை.

பாலைப்பழக் காலத்தில் காட்டுவழியே வரும் பிள்ளைகள் மடி நிறையப் பழத்தோடு வருவார்கள். காட்டுக்குப் போக வழியற்ற சிறு பிள்ளைகள் வாயைப் பார்த்திருக்கும். இதைக் கண்டு அவர் ஒரு வழக்கம் வைத்தார். கொண்டுவந்த பழம் முழுவதையும் வாசலில் ஒரு கடகத்திற் போடவேண்டும். இடைவேளையில் இருப்பவர் தொகைக்குப் பங்கு. வராத பிள்ளைக்கும் ஒரு பங்கு. காய்ச்சலிற் கிடந்த ஒரு பையனுடைய பங்கை ஓலைப் பெட்டியிற் கட்டிக்கொண்டு, யானை நடமாடும் வழியில் இரண்டு கட்டை தூரம் அவர் தாமே நடந்து போனதை நான் கண்டிருக்கிறேன். அன்று பாலபாடத்தில் எங்களுக்கு எந்தப் பாடம் நடந்தது என்பது நினைவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1930ஆம் ஆண்டை ஒட்டிச் சமஆசனப் போராட்டம் நடந்தது. உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தவேண்டும் என்று அரசினர் பணித்தனர். நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறியதும், சில ஊர்களிற் பள்ளிக்கூடங்கள் தீயிடப்பட்டன. தீயிட்டவர்களிற் பலர் நீதிநூல்களை மனனஞ் செய்தவர்களாகவே இருந்திருப்பர். காந்தியடிகள் 1927இல் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையைக் கண்டித்துப் பேசிச் சில ஆண்டுகளே சென்றிருந்தன. அவரை அழைத்த இளைஞர் காங்கிரசினர் சமஆசனத்தின் பக்கம் நின்றனர் என்பதை நமது சங்கத்து இளைஞர் அறிந்திருத்தல் நன்று. பெரியவர்கள் தயங்கிய இடத்தில் இளைஞரே முன்னே நின்றார்கள்.

வன்னியில் இவ்வளவு கொடுமை இல்லை என்று சொல்லி நாம் ஆறுதல் கொள்வதுண்டு. நானும் அப்படியே நம்பியிருந்தேன். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்பு மலைநாட்டிலிருந்து அநேகம் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. நான் அப்பொழுது வன்னியில் ஒரு பாடசாலையிற் புதிய ஆசிரியன். அப்பிள்ளைகள் பின்வரிசையில் தனியே இருந்தார்கள். யாரும் அப்படி இருத்தவில்லை. யாரும் முன்னே வரச் சொல்லவுமில்லை. ஒருநாள் உயிர்களுக்கு இரங்குதல் பற்றிய பாடத்தை, உதாரணங்கள் காட்டி, எனக்கே திருப்தியாகும்படி நடத்தி முடித்தேன். இடைவேளை மணி அடித்தது. ஒரு பெண்பிள்ளை, எட்டு வயதிருக்கும், மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

“சார், நாங்களும் அந்தச் செம்புல தண்ணி குடிக்கலாங்களா?”

தண்ணீர்ப்பானை வாசலில் இருந்தது. அப்பிள்ளைகள் கிணற்றடிக்குப் போய்க் கையேந்திக் குடிக்கிறார்கள் என்பது மாதக்கணக்காக எனக்குத் தெரிந்த விடயம். தெரிந்தும் அதை ஒரு விடயமாக நான் எண்ணவில்லை. குடி பிள்ளை என்று சொன்னேன். குடித்தாள். மறுநாள் மூன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பெற்றோரை நான் போய்க் காணவில்லை. புதிய ஆசிரியன், ஊரோடு பகைக்கவேண்டாம் என்று மூத்தவர்கள் சொன்னதைக் கேட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

இது இங்ஙனமாக, பள்ளிக்கூடங்களின் உரிமையே மாறிவிட்டது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவிநன்கொடைப் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமாயின. இந்து போர்ட் பள்ளிக்கூடங்களும் அங்ஙனமே சென்றன. இழப்பு என்று வருந்திய முதியோர் பலர். ஆனால் முகாமையாளரின் தயவை எதிர்பார்த்து, மாற்றத்துக்கு அஞ்சி வாழ்ந்த ஆசிரியர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். வன்னியின் குக்கிராமத்துக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியரை அனுப்பும் கடமை அரசினருக்கு உண்டாயிற்று என்பதையும் சேர்த்தே நிறுக்கவேண்டும்.

1972இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தில் சமயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கட்டாய பாடமாயிற்று. தத்தம் சமயத்தைத் தத்தம் மொழியிற் படிக்கலாம். 1980 தொடக்கம் பாடப்புத்தகமும் இலவசம். நாவலரும் இராசரத்தினமும் கேட்டது இதுவன்றோ? கேட்டதற்கு மேலாகவே கிடைத்தது. கிடைத்தது பரீட்சைப் பாடமாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் நான் சைவநெறி விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். பொய்யாமை பற்றிய வினாவுக்குப் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து, எழுத்துப் பிழை உட்பட, எழுதிய தாளும் ஒருமுறை வந்தது. புள்ளித் திட்டத்தின்படி நல்ல விடை. நானும் புள்ளி போட்டேன்.

அரசு அறத்தைப் பாடமாக்குவது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. பிரான்சு 1882இல் சமயப் போதனையை அரச பாடசாலையினின்று நீக்கி, அதனிடத்தில் ஒழுக்கமும் குடிமையும் என்ற பாடத்தை வைத்தது. யப்பானில் 1890ஆம் ஆண்டுச் சக்கரவர்த்தியின் கல்விச் சாசனத்தை ஒட்டி ஒழுக்கபாடம் பள்ளிக்கூடங்களில் தலைமைப் பாடமாயிற்று. பெற்றோரைப் பேணல், உண்மை, உழைப்பு என்று நல்லனவே அதில் இருந்தன. அவற்றோடு, சக்கரவர்த்திக்காக உயிர் கொடுக்கும் கடமையும் இருந்தது. யுத்தம் முடிந்த 1945இன் கடைசியில் அப்பாடம் நிறுத்தப்பட்டது. 1958இல் வேறு வடிவில் திரும்பி வந்தது. 2018இல் ஆரம்பப் பாடசாலைகளில் முறையான பாடமாயிற்று. அறபாடத்தை யார் எழுதுகிறார் என்பதைப் போலவே, யாருக்காக எழுதுகிறார் என்பதையும் பெற்றோர் கவனிக்கவேண்டும் என்பதற்காக இதனைக் கூறினேன்.

வவுனியாவில் 1976இல் டாக்டர் இராசசுந்தரமும் கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் காந்தீயம் என்ற அமைப்பைத் தொடங்கினர். கலவரத்தில் வீடிழந்து வந்த மலைநாட்டுக் குடும்பங்களைக் குடியமர்த்தியதோடு, கிராமங்களிற் பாலர் பள்ளிகளையும் நடத்தினர். ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியைகளாக்கினர். முகங்கழுவித் தலைவாரி வரச்செய்து, பாட்டும் எண்ணும் எழுத்தும் சொல்லி, சத்துணவு கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தே உண்டார்கள். நான் ஒரு முறை அத்தகைய பள்ளியொன்றைப் பார்த்துவிட்டு, எனது தண்ணீர்ப்பானையை நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். 1983 சித்திரையில் தலைவர்கள் கைதாயினர். அவ்வாண்டு ஆடி 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் நெடுங்காலம் இந்தியாவில் இருந்து, திரும்பி வந்து, 2015இற் கிளிநொச்சியிற் காலமானார்.

யுத்தகாலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். வாசிப்போரிற் பலர் அதை என்னிலும் நன்கு அறிவர். 1995இன் இடப்பெயர்வின் பின்பு வன்னிப் பள்ளிக்கூடங்களில் இரண்டு நேர வகுப்பு. இடம் போதாமல் மரநிழலிலும் வகுப்பு. 2009இல் செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது, அங்கேயும் கூடாரங்களில் வகுப்பு நடந்தது. அவ்வாண்டு ஆவணியில் உயர்தரப் பரீட்சையும் அங்கே நடந்தது. ஒரு புத்தகத்தைப் பலர் கைமாற்றிப் படித்தார்கள். தண்ணீருக்கு நீண்ட வரிசை. அந்த வரிசையில் முன்னாள் முகாமையாளர் வீட்டாரும், மலைநாட்டிலிருந்து வந்தவர் பேரப்பிள்ளைகளும், மூன்று போத்தல்காரரும் ஒன்றாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே குழாய். யாரும் செம்பு கேட்கவில்லை. முகாம் 2012இல் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியபின் கிணறுகள் மறுபடியும் வெவ்வேறாகின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இக்காலப் பாடத்திட்டங்கள் சமயமும் ஒழுக்கலாறும் என்பதை அடிப்படைத் தேர்ச்சிகளில் ஒன்றாக வகுத்திருக்கின்றன. ஆசிரியர் கைந்நூலில் அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். அதற்குப் புறம்பாக, இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திற் பதிவு செய்த அறநெறிப் பாடசாலைகள் கோவில் மண்டபங்களில் ஞாயிறுதோறும் நடக்கின்றன. அங்கே படிப்பிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமின்றிப் படிப்பிக்கும் இளைஞரும் பெண்பிள்ளைகளும். பழைய சட்டம்பியாருக்கு இன்று மிகக் கிட்டிய உறவினர் இவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. இவர்களுக்குப் போட்டி தனியார் வகுப்புகள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஆண்டு வந்தால் அறநெறி வகுப்பிற் பாதிப் பிள்ளைகளைக் காணமுடியாது. பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? புலமைப்பரிசிலுக்குப் பணம் உண்டு.

நமது சங்கத்தின் வகுப்பு ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோவில் மண்டபத்தில் தொடங்குகின்றது. சில வாரங்கள் நானும் போய் ஓரத்தில் இருந்து பார்த்தேன். தேவாரம் நன்றாகப் பாடுகிறார்கள். கதை சொல்லும்போது பிள்ளைகள் அசையாமல் கேட்கிறார்கள். வற்றாப்பளைக் கதை சொன்ன அன்று, அந்தக் கிழவி அம்மன் இல்லாமல் வெறும் கிழவியாக இருந்திருந்தாலும் பொங்கிக் கொடுத்திருப்பார்களா என்று ஒரு பையன் கேட்டான். படிப்பித்த பிள்ளை சற்று யோசித்து, அவர்கள் கொடுத்தபோது அவள் வெறும் கிழவிதானே என்றாள். ஐம்பது ஆண்டு படிப்பித்த எனக்கு அந்த விடை தோன்றியிராது.

அவளும் அவளோடு படிப்பிக்கும் மற்றவளும் உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றைப் பார்த்திருப்பவர்கள். பல்கலைக்கழகம் கிடைத்தால் போய்விடுவார்கள். கிடைக்கவேண்டும் என்றே நாமும் வேண்டுகிறோம். கீழ்வகுப்புக்கு இப்போதே ஆள் இல்லை; நாற்பது பிள்ளைகளை ஒருத்தி பார்க்கிறாள். மண்டபத்தின் குடிநீர்த் தாங்கிக்குக் குழாய் பூட்டிக் குவளை மூன்று வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் தரக்கூடிய அங்கத்தவர், இளைஞராயினும் முதியோராயினும், தைப்பூசத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.